நாலாயிரத்து நூற்றுப் பதினாறாவது கால்

சூரியனை நடுமுன்
இரும்பை எடுக்க வேண்டியிருந்தது.

குவாடல்கனாலின் வடக்குச் சமவெளி.
தோளளவு புல்.
எண்பது வருஷத்துக்கு முன்
யார் யாரோ கடல் தாண்டி வந்து
எங்கள் மண்ணில் அடித்துக்கொண்டு
வெடித்ததை எண்ணிக்கொண்டு போனார்கள்.
வெடிக்காததை எண்ணவில்லை.

அதை எண்ணுவது என் வேலை.
ஒன்பதாயிரத்து அறுநூறு கால்கள்.
கால் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும்
முதலில் என் காது இறங்கவேண்டும்.
கருவி முனகினால் பித்தளை,
கத்தினால் இரும்பு.
பெரும்பாலும் ஒன்றுக்கும் ஆகாத இரும்பு:
சாப்பாட்டுக் கரண்டி, பெல்ட் கொக்கி,
ஒருமுறை சவரப் பெட்டி,
உள்ளே பிளேடு மட்டும் பளபளவென்று.
ஜெரோம் மானே அதைத் தாடையில் வைத்துப் பார்த்தான்.
திட்டினேன்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ராத்திரியில் தூரத்தே
டீசல் எஞ்சின்கள் இருமிக்கொண்டிருக்கும்.
கப்பல் வந்தால் ஊருக்கு விளக்கு,
வராவிட்டால் நிலா.
ஆஸ்பத்திரிக்கு நிலா போதாது.
என் அக்கா மகன் நெற்றியில் தையல் போட்டது
டாக்டர் வாயில் கவ்விய டார்ச் வெளிச்சத்தில்.
தையல் கோணல்.

ஆகவே எனக்கு அவசரம் இருந்தது.
எல்வினா வோகியாவுக்கு இல்லை.

எங்கள் பக்கம் நிலம் தாய்வழி இறங்கும்.
அவள் கையெழுத்தில்லாமல் ஒரு கால் நிற்காது.
பாக்கை மென்றபடி
இருபத்தைந்து வருஷக் குத்தகைப் பத்திரத்தை
மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.
"ஒளி உங்களுக்கு. சரி.
அப்போ நிழல்?"

பிஜியிலிருந்து வந்த பொறியாளர் இலியேசா
சிரித்தார், பிறகு நிறுத்தினார்.
பத்திரத்தில் நிழல் இல்லை.
பத்தொன்பது நாள் வேலை நின்றது.
சுண்ணாம்பு தொட்ட குச்சியைச் சப்பிக்கொண்டு அவள்
தகட்டுக்கடியில் என்னென்ன விளையும் என்று
விரல் விட்டுக்கொண்டிருந்தாள்.
கடைசியில் ஒரு மின்னஞ்சல்:
நிழல் குறித்து நிறுவனத்துக்கு ஆட்சேபம் ஏதுமில்லை.
அச்செடுத்து வாங்கி, மடித்து,
பின்னல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தகடுகள் வந்திறங்கியது
டீசல் வரும் அதே கப்பலில்.
பெட்டிப் பலகையெல்லாம் மறுநாளே காணோம்.
மூன்று பன்றிப்பட்டி, ஒரு ஞாயிறுப்பள்ளி மேடை,
யாரோ ஒருவரின் கழிப்பறைக் கதவு.
அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு
தரையைப் பார்த்தபடி இருக்கிறது.

நாலாயிரத்து நூற்றுப் பதினாறாவது புள்ளியில்
கருவி கத்தவில்லை, ஊளையிட்டது.
சினைப் பன்றியின் பருமன்.
தூங்குவது போலவும் இல்லை,
காத்திருப்பது போலவும் இல்லை.
சும்மா கிடந்தது.
நகர்த்த முடியாது என்றது போலீஸ்.
அன்று மாலை
ஹொனியாரா வரை ஜன்னல்கள் அதிர்ந்தனவாம்.

மண் இளகிவிட்டது, அங்கே கால் நிற்காது.
வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.
ஏழு கிலோவாட் நஷ்டம் என்று
இலியேசா எழுதிக்கொண்டார்.
குழியில் மழை தேங்கித் தவளைகள் வந்தன.
அவற்றிடம் யாரும் நஷ்டத்தைச் சொல்லவில்லை.

திறப்பு விழாவில்
மந்திரி வெயிலில் நின்று பேசினார்.
நாங்கள் எல்வினாவின் நிழலில் உட்கார்ந்து கேட்டோம்.
தர்பூசணி ஒரு கீற்று இரண்டு டாலர்.
எனக்கும் இலவசமில்லை.

ஆஸ்பத்திரியில் இப்போது விளக்கு அணைவதில்லை.
இரண்டு எஞ்சின்களை நிறுத்திவிட்டார்கள்.
மூன்றாவது
மேகம் மூடினால் இன்னும் இருமுகிறது.
என் வீட்டுக்கு லைன் வரவில்லை.
ஆறு தாண்ட ஏழு கம்பம் வேண்டுமாம்.
ஏழு கம்பத்துக்கு ஏழு குழி,
குழிக்கு முன்னால் காது.
வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கிறார்கள்.