லப்பன்

பேர்ண் ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
"லப்பன் ஒன்று வைக்கப்போகிறோம்" என்கிறார் டொக்டர் ஏபிஷர்.
நான் வாய் திறக்கமுன்னம்
கட்டிலில் இருந்து கேள்வி வருகிறது:
"நிலம் துடைக்கிற துணியையோ, தங்கச்சி?"

பதினொரு வருஷம் ஹோட்டல் குசினி கழுவிய மனுசன்.
இந்த நாட்டில் அவர் படித்த முதற் சொல் அது.
பால் லொறி ஏறிய வலது காலில்
முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது.
மூடத்தான் வேண்டும், எதனாலாவது.
"தோல் அண்ணை. உங்கட தோல்தான்.
இடது கெண்டைக்காலில் நீட்டுக்கு வெட்டி,
ஒரு கரை ஒட்டினபடி."

உடனே எடுக்கமாட்டார்களாம்.
நீளம் கூடினால் நுனி கறுத்துப்போகும்.
முதலில் கீறி, கிளப்பி,
இருந்த இடத்திலேயே திரும்பத் தைத்து,
ஒற்றைக் கரையால் வருகிற இரத்தத்தில்
சீவிக்கப் பழகட்டும் என்று
பத்து நாள் விடுவார்கள்.

"தோலுக்கும் எஃப் விசாவோ?" என்றார் யோகச்சந்திரன்.
டொக்டர் என்னைப் பார்த்தார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு மூன்று கிழமை
காலோடு கால் தைத்த கிடை.
இரண்டையும் அசையவிடாமல் இரும்புக் கம்பிகள்.
புரள ஏலாது. சட்டி வைக்க இரண்டு தாதிமார்.
வவுனியாவில் இருந்து மனைவி, வீடியோவில்:
"கால்மேல கால் போட்டுப் படுத்திருக்கிறியள்,
பெரிய முதலாளி."
சிரித்துக்கொண்டே சொன்னா.
பிறகு கனநேரம்
திரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது.

"வலதைத் தொடுகினம்,
இடதில தெரியுது."
சொன்னபடியே சொன்னேன்.
பயிற்சி மாணவன்
என் ஜெர்மன் பிழை என்று நினைத்தான்.
டொக்டர் தலையாட்டினார்:
நரம்புக்கு இன்னும் பழைய விலாசம்தான்.

பத்தொன்பதாம் நாள்
தோல் பாலத்தை இறப்பர் பட்டியால் இறுக்குகிறார்கள்.
நேற்றுப் பத்து நிமிடம். இன்று முப்பது.
இடது கால் கைவிட்டால்
இது தன்பாட்டில் இருக்குமா?

மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.
டொக்டர் தோலைப் பார்க்கிறார்.
யோகச்சந்திரன் டொக்டரின் முகத்தைப் பார்க்கிறார்.
நான் படிவத்தில் நிமிடங்களை எழுதுகிறேன்,
சும்மா இருந்ததற்கும் கூலி உண்டு.
யன்னலுக்கு வெளியே கட்டடம் கட்டும் கிரேன்
எதையோ தூக்கி, வைக்காமல் நிற்கிறது.

விரலால் அழுத்தி விட்டார்.
வெளுத்தது.
ஒன்று. இரண்டு.

"ரோசா," என்றார் டொக்டர்.

என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.