பார்க்கும் உரிமை

“நீயே எழுதிட்டு வாம்மா,
கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்றார் துறைத்தலைவர்,
விடைத்தாள் கட்டிலிருந்து நிமிராமல்.

ஆகவே இன்றிரவு
சத்துவாச்சாரி மாடி அறையில், கரண்ட் போன புழுக்கத்தில்,
லேப்டாப்பில் பதினெட்டு சதவீதம் உயிர் மிச்சமிருக்க
நான் ஐம்பத்தாறு வயது ஆண்.
இல்லாத மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடங்குகிறேன்:
‘ஹெப்சிபாவை மூன்றாண்டுகளாக அறிவேன்.’
அறிவேனா?
வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொன்று. அவ்வளவு அறிவேன்.

‘கடின உழைப்பாளி.’
செக்குமாட்டுக்கும் பொருந்தும். அழிக்கிறேன்.
‘அடக்கமானவள்.’ இது கல்யாணத் தரகர் பாஷை.

குடியாத்தத்து அக்கா ஒருத்தி, இப்போது ஜெர்மனியில்,
போனில் சொன்னாள்: “கஷ்டத்தை எழுதுடி.
படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்.”
அப்பா ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறார்.
இருபதாம் தேதிக்கு மேல் கொஞ்சம் இழுக்கும்.
அதை வறுமை என்று எழுதினால்
அம்மா கரண்டியோடு வருவாள்.

படிவத்துக்கு வேறொரு கஷ்டம்.
குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
இனிஷியலை விரித்து அப்பாவை அங்கே உட்கார வைத்தேன்.
‘அன்புள்ள மனோகரன்’ என்று
எனக்குக் கடிதம் வருகிறது.

சரி, எதைத்தான் எழுத?
பதினான்கு மாதம் சனிக்கிழமை தோறும்
பாலாற்றங்கரைக் கிணறுகள் பதினொன்றில்
தண்ணீர் மொண்டு உப்பு பார்த்தேனே, அதையா?
குலுங்கும் பாட்டில் பையைக் காட்டி
“தண்ணிக்கு லக்கேஜ் போடலாமா?” என்ற கண்டக்டரையா?
எட்டாம் கிணற்றுக்காரி கேட்டதையா:
“நீ எழுத எழுத இது இனிக்குமா பாப்பா?”
அன்றும் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது.
தெரிந்தது ஒன்று உண்டு.
ஜூனிலும் ஜூலையிலும் மீட்டர் பழுது,
புதிது வாங்கக் காசில்லை,
அட்டவணையில் இரண்டு மாதம் வெள்ளையாகக் கிடந்தது.
“சராசரியைப் போட்டு நிரப்பிடும்மா, யாரு பார்க்கப் போறா?”
என்றார் அவர்தான்.
நான் நிரப்பவில்லை.

இப்போது அவர் குரலிலேயே எழுதினேன்:
‘அளக்காத இரண்டு மாதங்களைச் சராசரியால் நிரப்பச் சொன்னேன்.
அவள் மறுத்தாள்.
அவளைப் பற்றி நான் அறிந்தது இதுதான்.’

காலையில் ஆபீசர்ஸ் லைன் ஜெராக்ஸ் கடையில்
பக்கம் ஐந்து ரூபாய்க்கு அச்சடித்து,
பென்டிரைவோடு நீட்டினேன். படித்தார்.
மூடி கழற்றிய பேனா கழற்றியபடியே இருந்தது.
“வெச்சுட்டுப் போ. நானே அனுப்பிக்கிறேன்.”

அவர்களுடைய நள்ளிரவு நம் விடியல் நாலரை.
நாலு பத்துக்குத் திரையில் பச்சையாக ஒரு வரி:
‘பரிந்துரை பெறப்பட்டது.’

என்ன அனுப்பினார்?
அந்த வரி இருக்கிறதா,
இல்லை, கடின உழைப்பாளியாகவே போய்ச் சேர்ந்தேனா?
‘கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறக்கிறேன்’ என்ற இடத்தில்
முதல் நாளே டிக் அடித்தவள் நான்.

இதற்கும்
சராசரி எதுவும் போட முடியாது.
மணி ஐந்தாகிறது. சனிக்கிழமை.
பாட்டில்களைக் கழுவுகிறேன்.