ஒரு டிக்

சாவியைத் திருப்பினால்
ஒரு டிக்.
அதன் பிறகு ஒன்றுமில்லை.

அல் ஐன் சனாயா, எட்டாவது ஷெட்,
இரவு பத்தேகாலுக்கு முப்பத்தொன்பது டிகிரி.
பழைய பட்ரோலுக்குள் புது இன்ஜின்
நேற்றுதான் இறங்கியது.
புதுசென்றால் ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்தது,
ஷார்ஜா ஸ்க்ராப்பில் வாங்கியது.
ஹுமைத் பிளாஸ்டிக் நாற்காலியில்
போனைக் கவிழ்க்கிறான், நிமிர்த்துகிறான்.
விடிந்தால் மணல்மேடு காத்திருக்குமாம்.
மணல் எவருக்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டார்ட்டர் போச்சு என்கிறான் ஜர்வலி.
மெக்கானிக்குக் களைப்பு வந்தால்
ஸ்டார்ட்டர்தான் முதலில் போகும்.
முன்னூற்றைம்பது திர்ஹம் கொடுத்து வாங்குமுன்
கஹ்ரபாயைக் கூப்பிடுவார்கள்.
அது நான்.
சிலுவைதாசன் என்கிற பெயர்
பத்தாக்காவுக்கு மட்டும் தெரியும்.

பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஹெட்லைட் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.
டிக்.
வெளிச்சம் மங்கவேயில்லை.
மூட்டை தூக்கப் போனவன்
முனகவில்லை என்றால்
மூட்டையைத் தொடவில்லை என்று அர்த்தம்.

கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது.
இன்ஹிபிட்டர் சுவிட்சுக்குக் குறுக்கே ஒயர் போட்டுக் கடந்தேன்.
டிக்.
ஏசி வந்த அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
தடிக் கேபிளில் கரண்ட் நிற்கிறது.
மெல்லிய ஒயரிலும்
சாவி சொன்னபோதெல்லாம் வருகிறது.
வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது,
ஸ்டார்ட்டர் மட்டும்
சாப்பாட்டுத் தட்டின் முன் கை கட்டி உட்கார்ந்தவன் மாதிரி.

எழுந்து பானட்டுக்குள் குனிந்தபோது
ஆக்ஸிலேட்டர் கேபிளில் முழங்கை பட்டது.
சுட்டது.

ஒரு சுற்றுகூடச் சுற்றாத இன்ஜினில்
எது சுடும்?
உறை இளகி
பொம்மை எரிந்த வாசனை.

மீட்டரின் ஒரு முள் பேட்டரி மைனஸில்,
இன்னொன்று ஸ்டார்ட்டர் உடம்பில்.
திருப்பு என்றேன்.
பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண்
பதினொன்று புள்ளி நான்கு.

போன கரண்டுக்குத் திரும்ப வழியில்லை.
முந்நூறு ஆம்பியர் புறப்படவேயில்லை,
புறப்பட்ட கொஞ்சமும்
மிதியடிக்குப் போகிற கம்பியைப் பிடித்துத் தொங்கி
வீடு சேரப் பார்த்திருக்கிறது.

எர்த் இல்லை என்றேன்.
இங்கே யாராவது ஊர் மண் என்று ஆரம்பித்தால்
பதினேழாம் நம்பர் ஸ்பானர் பறக்கும்.
எர்த் என்பது பின்னிய செம்புப் பட்டை,
ஒரு சாண் நீளம், இரண்டு போல்ட்.

பட்டை இருக்கிறதே!
ஜர்வலி டார்ச்சடித்துக் காட்டினான், ரோஷத்தோடு.
இருந்தது. இரண்டு முனையிலும் முறுக்கி,
வாஷர் வைத்து, ஒழுங்காக.
பட்டையின் காதில் முள்ளை வைத்தேன், பூஜ்யம்.
அரை அங்குலம் தள்ளிச் சுரண்டி வைத்தேன்,
பதினொன்று.

அரை அங்குலத்தில் இருந்தது நீலம்.
ஹுமைத் ஆசைப்பட்ட கடல் நீலம்,
பிளாக் முழுக்க இரண்டு கோட்,
போல்ட் துளைக்குள்ளும் வழிந்து காய்ந்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரத்தில்
ஐம்பது திர்ஹம் ரொக்கத்துக்கு
அதை அடித்தவன்
துளையை டேப்பால் மூடவில்லை.

எமரியை எடுத்தேன்.
இரும்பு வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை தேய்த்தேன்,
துளைக்குள் டேப் விட்டுச் சுற்றி மரை எடுத்தேன்,
கிரீஸ் தொட்டு
ஜர்வலி வைத்த மாதிரியே வாஷர் வைத்து முறுக்கினேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
பெயின்ட் என்றேன், பொதுவாக,
கூரையைப் பார்த்து.

ஹுமைத் சாவியைத் திருப்பினான்.
விளக்கு மங்கியது.
அப்பா, எவ்வளவு அழகாக மங்கியது!
கர் கர் கர்ரென்று ஷெட்டே இருமி
எதிர்ச்சுவரில் வெளிச்சம் திரும்ப நிமிர்ந்தது.

கம்? என்றான் ஹுமைத், பர்ஸை விரித்து.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஜர்வலி அப்போதுதான்
டார்ச்சை அணைக்காமல்
என் நகங்களைப் பார்த்தான்.