ஆறு பத்து வண்டி

புதுவயலில் மழை வந்தால்
முதலில் நனைவது என் கணக்கு நோட்டு.
மில் களத்தில் அவித்த நெல்லைக் கூட்டித்
தார்ப்பாய் இழுத்து மூடுவதற்குள்
வரவுப் பக்கத்தில் நாலு சொட்டு.
இது ஏழா, ஒன்றா என்றார் முதலாளி.
ஒன்று என்றேன்.
எனக்கும் தெரியாது.

ஆறு பத்து வண்டி
ஆறு நாற்பதுக்கு வந்தது.
முந்தின நிறுத்தத்திலேயே ஏறிவிடுகிற உமையாள்
எங்கள் இருக்கைகளில் ஈரக் குடையை
விரித்து வைத்திருந்தாள்.
கைப்பையைப் போட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருவார்கள்,
ஈரத்தில் எவரும் உட்காரமாட்டார்கள்
என்பது அவள் கண்டுபிடிப்பு.
அதில் உட்காருவது நான்.

உமையாளுக்கு
ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை.
ஐப்பசி பிறந்தால்
ஊரே அவளிடம் கை நீட்டும்.
இன்றைக்கு அறுபத்து மூன்று கைகள்.
"ஒரு சின்னப் பய, கண்ண மூடல, அழுகல.
பக்கத்துல மயக்கம் போட்டு விழுந்தது
அவுக அப்பா."

சம்சாத் சிரிக்கவில்லை.
தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்ததில்
மூன்று ரவிக்கை திரும்பி வந்துவிட்டதாம்,
கை பிடிக்கிறதென்று.
"அதிரசத்தையும் முறுக்கையும் அவுக தின்னுட்டு
என் அளவு டேப்பக் குத்தம் சொல்றாக."
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
கண்ணாடியைத் துடைத்தேன்.
நாலாவது என் பைக்குள் இருந்தது.

கண்டனூர் வரப்போகிறது.
ஊருணியில் எத்தனை படி தெரிகிறதென்று
தினமும் ஆளுக்கொரு எண் சொல்வோம்.
தோற்றவள் மறுநாள் வறுத்த கடலை வாங்கவேண்டும்.
ஐப்பசி முதல் தேதி பதினொன்று.
நேற்று ஆறு.
இன்று உமையாள் நாலு என்றாள்,
சம்சாத் மூன்று,
நான் ஐந்து.

ஜெனோவா ஒன்றும் சொல்லவில்லை.
பள்ளிக்கூட வேனில்
முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கத்தி அடக்குகிற தொண்டை,
எங்களில் பெரிய தொண்டை,
டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி
ஊசியாக்கிக்கொண்டிருந்தது.

"தம்பி போன் பண்ணுனான்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
வீட்டுப் பங்கில் அரைக் குழி அதிகமோ குறைச்சலோ,
ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை.
கோயில் திருவிழாவில்
எதிரெதிரே மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றபோதும்
இல்லை.

"என்ன கேட்டான்?"
"பருப்புக்குக் குக்கர்ல எத்தன விசில்னு."
"வேற?"
"வேற ஒண்ணுமில்ல."
"நீ என்ன சொன்ன?"
"நாலுன்னேன். வச்சிட்டான்."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு சம்சாத்,
"மூணு போதும்டி. நாலு வச்சாக் கொழஞ்சிரும்."
ஊறவைத்திருந்தால் ரெண்டே போதும் என்றேன்.
அவன் எங்கே ஊறவைத்திருப்பான் என்றாள் உமையாள்,
பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருப்பாள்,
அதுதான் கேட்டிருப்பான்.
"பிரசவமா?
எனக்கு யாரும் சொல்லலியே" என்று
ஜெனோவா எழுந்தே விட்டாள்.
சும்மா ஒரு யூகம்தான் என்று
கையைப் பிடித்து உட்காரவைத்தோம்.
அப்புறம் துவரையா, பாசிப்பருப்பா என்று கேட்டாளா,
அலுமினியக் குக்கரா, அம்மாவுடைய பழசா,
பழசென்றால் முதல் விசில் கணக்கில் சேராதே...
சண்டை பெரிதாகி
முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஊருணி போயே போய்விட்டது.

காரைக்குடி விளக்குகள் தெரிந்த பிறகுதான்
நினைவு வந்தது.
கடலை யார் தலையில் என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
படிக்கட்டில் நின்றபடி
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நடத்துநர்
நிமிராமல் சொன்னார்:
"அஞ்சு படி. நானுந்தான் தெனம் எண்றேன்."
கொஞ்சம் பொறுத்து,
"ஒரு பொட்டலம் எனக்கும் சேத்து வாங்குங்க."

ஜெனோவா இறங்கும்போது
செல்லை வெளியே எடுத்தாள், உள்ளே வைத்தாள்,
குடை விரிக்காமலே நடந்தாள்.
மூணு என்று திருத்திச் சொல்வதற்கு
ஒரு போன் போடலாம்தானே.
போடுவாளா தெரியாது.

நான் ஜெயித்துவிட்டேன்.
பைக்குள் நாலாவது ரவிக்கை அப்படியே இருக்கிறது.
சம்சாத்திடம் சொல்லவேண்டாம்.
கார்த்திகைக்குள் இளைத்துவிடுவேன்.