ஒரு ஓம்

நாலும் நாலும் இரண்டு.
இரண்டும் இரண்டும் ஒன்று.
பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லியிருந்தால்
வெயிலில் முட்டி போட வைத்திருப்பார்கள்.
பயமோனில், என் கார் கொட்டகையில்,
இந்தக் கணக்குக்குத்தான் கூலி.

ஒவ்வொரு சப்வூஃபருக்கும் இரண்டு காயில்,
காயிலுக்கு நாலு ஓம்.
பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்
பக்கவாட்டில் கைகோத்தால் தடை பாதி.
இன்னொரு முறை கோத்தால் கால்.
தடை குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்குப் பசி கூடும்.
ஒரு ஓம் வரைக்கும் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
அதற்குக் கீழே போனால் புகை;
அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள்
மல்டிமீட்டரை மறப்பதில்லை.

யாதியேலின் டொயோட்டா.
மருந்து ஆலையில் எட்டு மாத ராத்திரி ஓவர்டைம்
இப்போது டிக்கியில், கம்பளம் ஒட்டிய பெட்டிக்குள்,
பன்னிரண்டு அங்குல வட்டமாக இரண்டு.
எர்த் வயருக்காகப் பெயிண்டைச் சுரண்டினேன்.
"கீறாதே இவெலிஸ்" என்று பதறினான்.
"இரும்பு தெரியாமல் கரண்ட் வீடு திரும்பாது" என்றேன்.
கட்டைவிரல் தடிமனில் சிவப்பு வயர்,
பேட்டரியிலிருந்து ஒரு சாணில் ஃபியூஸ்,
அப்புறம் கதவடியில் படுத்து, சீட்டுக்கடியில் நுழைந்து,
பின்னால் வந்து தலை நீட்டியது.

எதிர்வீட்டு நெரெய்தா
எங்கள் மேல் மூன்று முறை போலீசில் சொன்னவள்.
பாட்டுப் போட்டால் அவள் அலமாரிக் கோப்பைகள்
தாமாக நடந்து விளிம்புக்கு வருமாம்.
பதினொன்றில் இப்போது இரண்டுதான் மிச்சம்.
"முப்பத்தைந்து ஹெர்ட்ஸ், அதனால்தான்" என்று
போலீஸ்காரரிடம் விளக்கினேன்.
அது எங்களுக்கு உதவவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மின்தடை.
மல்டிமீட்டரால் அளக்க முடியாத வகை.
இந்தத் தீவில் அது செய்தியும் இல்லை.
தெரு முழுக்க இருட்டு,
கோக்கித் தவளைகள் மட்டும் இரண்டே சுரத்தில், விடாமல்.
ஒன்பது மணிக்குக் கொட்டகை வாசலில் நெரெய்தா.
ஒரு கையில் டார்ச், மறு கையில் நெபுலைசர்.
பேசவில்லை.
பேசுவதற்கும் மூச்சு வேண்டுமே.

பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்கினோம்.
காரை நடுத்தெருவுக்குத் தள்ளினோம், புகை அவளுக்கு ஆகாது.
ஆம்ப்ளிஃபயரிலிருந்து சிவப்பைப் பிடுங்கினேன், கறுப்பையும்.
இரண்டையும் இன்வெர்ட்டரின் வாயில் வைத்துத் திருகினேன்.
நீள வயர் ஒன்று தெருவைக் கடந்து அவள் ஜன்னலேறியது.

இரண்டாயிரம் வாட் போகப் போட்ட பாதையில்
நூறு வாட்கூட இல்லாத ஒரு சின்ன மோட்டார்
பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.
மூக்குமூடியின் ஓரத்தில் வெள்ளை ஆவி.
அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன்.
எந்தக் கூம்பும் அப்படித்தான்,
முன்னால் போனது பின்னால் வந்தாக வேண்டும்.
யாதியேல் பெட்ரோல் முள்ளைப் பார்த்திருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் கரண்ட் வந்தது.
தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் மறுபடி பூட்டினேன்.
பாட்டைப் போட்டான்.
கூம்பு இரண்டும் துடிக்கின்றன,
காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.
யாதியேலின் முகத்தில் எட்டு மாதமும் தெரிந்தது.

எதிர் ஜன்னல் திறந்தது.
"என்ன, கெட்டுப்போச்சா?"
"இல்லை. ஒன்றில் மட்டும் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போச்சு.
ஒன்று தள்ளுவதை மற்றது இழுத்துக்கொள்கிறது."
"ஓ. என் கல்யாணம்" என்றாள்.

இரண்டு திருகு, அவ்வளவுதான்.
திம்.
நம்பர் பிளேட் நடுங்கியது, என் பல்லும்.
அவள் ஜன்னலைச் சாத்தினாள்.
போனைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.
கண்ணாடி வழியே பார்த்தால்,
மிச்சமிருந்த இரண்டு கோப்பைகளையும் கீழே எடுத்து
ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.