ஒன்பதாவது தகடு

தருவைக்கு மேற்கே, தண்ணீர் தேங்கிய கல்குவாரியில்
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
இரும்புக் காக்கைகளைச் சுடுகிறோம்.
காற்றுத் துப்பாக்கிதான். குண்டு
ஓர் உளுந்து அளவு.
பட்டால் காக்கை மல்லாந்து விழும்,
கயிற்றை இழுத்தால் எழுந்து நிற்கும்.
அதன்மேல் யாருக்கும் பகை இல்லை.

போன மாதம், கடைசிக் காக்கை.
அதற்கு முந்தியது நாற்பத்தைந்து மீட்டர்.
ஸ்கோப்பின் குமிழை
ஒரு சுற்றும் பதினொரு சொடுக்கும் ஏற்றியிருந்தேன்.
அடுத்தது பக்கம், இருபத்தைந்து.
இறக்கினேன். கோடு பூஜ்யத்தில் நின்றது.
மூச்சைப் பாதியில் நிறுத்தி விரலை அழுத்தினேன்.
காக்கையின் தலைக்குமேல் அரைச்சாண் உயரத்தில்
பாறையில் ஒரு துளி வெள்ளைத் தூசி.

"யக்கா, பூஜ்யத்துலதான வச்சிய?"
பூஜ்யத்தில்தான் வைத்தேன், உச்சிமாகாளி.
எந்தப் பூஜ்யம் என்று பார்க்கவில்லை.
சுற்றுக்கு ஒன்று வருகிறது,
அதே வட்டம், அதே வெள்ளை மை.
ஒன்றுதான் வீடு, மற்றதெல்லாம்
வீட்டைப் போலவே கட்டிய வீடு.

நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவள்.
தியாகராஜ நகரில் பன்னிரண்டு தெரு.
என் எண்கள் எல்லாம் ஏறுகிறவை.
இறங்குவதை எண்ணிப் பழக்கமில்லை
என்று சொல்லிக்கொண்டேன். சாக்குதான்.

கசாலிக்கு மேலப்பாளையத்தில் மிக்சி ரிப்பேர் கடை.
எங்களோடு சுட வருவான், என்னைவிட மோசமாகச் சுடுவான்.
மூன்று பொடித் திருகைத் தளர்த்திக்
குமிழின் மூடியைத் தூக்கினோம்.
உள்ளே ஒரு பித்தளைக் கழுத்து,
சுற்றிலும் வெறும் இடம்.
மூடி இறங்க இறங்க அது குறையும்.
பூஜ்யத்தில் மிஞ்சுகிற இடத்தை அடைத்துவிட்டால்
அதற்குக் கீழே போக வழியில்லை.

முதலில் கோலிசோடா ரப்பர் வளையம்.
நின்றது. நின்ற பிறகும்
அழுத்தினால் இரண்டு சொடுக்கு இறங்கியது,
போதும் போதும் என்றபடியே
இலையில் இன்னொரு கரண்டி வாங்குகிறவர் போல.
"சவம், இது ஆகாது" என்றான் கசாலி.

பிறகு குளிர்பான டின்.
ப போல வாய் திறந்த வளையங்களாக வெட்டினேன்.
ஓரத்துப் பிசிறை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும்,
ஒரு பிசிறு ஒரு தகட்டுக்குச் சமம்.
கட்டைவிரலில் இரண்டு கீறல்.
ஒன்று போட்டு, மூடி, திருகி, பார்த்து, திறந்து,
இரண்டு போட்டு, மூடி, திருகி,
டீ ஆறி, இன்னொரு டீ வந்து,
அஸர் தொழப் போன கசாலி திரும்பி வந்து,
எட்டில் மூடி பூஜ்யத்தைத் தாண்டி ஏழு சொடுக்கு ஓடியது.
ஒன்பதில், பூஜ்யத்துக்கு மூன்று முன்னாலேயே முட்டியது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு தகடு வேண்டும்.
அந்தக் கனத்தில் எந்த டின்னும் குப்பையில் இல்லை.
ஒன்பதாவதைக் கண்ணாடிமேல்
ஈர உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தேன்,
லைசென்சுக்கு எட்டுப் போடுவது போல.
முதலில் சிவப்பு போனது,
பிறகு விலை,
பிறகு விரலில் ரேகையே வழுக்கியது.
பூஜ்யத்துக்குக் கீழே சரியாக இரண்டு சொடுக்கில் நின்றது.
அந்த இரண்டை வேண்டுமென்றே விட்டேன்.
வெயில் நாளில் குண்டு ஏறும், இறக்க இடம் வேண்டும்.

அன்றிரவு கரண்ட் போயிற்று.
நிறுத்தியது என் வாரியம், திட்டு வாங்கியதும் நான்தான்.
இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து
குமிழை எத்தனையோ சுற்று ஏற்றினேன். எண்ணவில்லை.
பிறகு இறக்கினேன், இறக்கினேன்,
விரலுக்கடியில் பொரிகடலை உடைகிற சத்தம்,
உடைந்துகொண்டே வந்து
தட்.
அங்கிருந்து இரண்டு மேலே.
யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு, மலையிறங்கி வந்த ஆனிக் காற்று.
கடைசிக் காக்கை, அதே இருபத்தைந்து.
முட்ட இறக்கி, இரண்டு ஏற்றினேன்.
குண்டு வாலுக்கு ஒரு விரல் கிழக்கே போயிற்று.
உச்சிமாகாளி கயிற்றைத் தொடவில்லை,
விழாத காக்கையை எழுப்ப வேண்டியதில்லை.
கசாலி மேற்கே பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அதுக்கு எத்தன தகடு?" என்றான்.