தொண்ணூற்றெட்டு நிமிடம்

நவ்பீர்,
திகதி மறுபடியும் தள்ளிப் போயிருக்கிறது.
மார்ச் என்றார்கள். பிறகு ஜூன்.
இப்போது இலையுதிர் காலமாம்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
இலையுதிர் காலத்தை எந்த மாதத்தில் தேட?
ஆஸ்பத்திரி வளவுக் கொட்டாங்காய் மரம்
வருடத்தில் இரண்டு தரம் சிவந்து கொட்டுகிறது.
அதைக் கணக்கெடுத்தால்
வட்டு எப்போதோ வந்திருக்க வேணும்.

இடம் விட்டு வைத்திருக்கிறேன்.
அலுமாரியின் இரண்டாம் தட்டில்
ஹங்கேரியப் பெட்டிக்கும் ஊமைப் படங்களுக்கும் நடுவே
ஒரு விரல் அகலம்.
உப்புக் காற்று தின்னாமலிருக்க
மருந்துப் போத்தல்களில் பொறுக்கிய
சிலிக்காப் பொட்டலங்கள் தட்டு முழுக்க.
தங்கச்சியின் மகன் அந்த இடைவெளியில்
ஒரு சின்னக் காரை நிறுத்தினான்.
எடுத்தேன். அழுதான்.
வட்டு வரும்மட்டும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கசட் என்னுடையது, டெக் உன்னுடையது.
டோட்மண்டில் சித்தப்பா மகன்
பின்னிரவுத் தொலைக்காட்சியில் பதிந்து அனுப்பியது.
பாலம் வராத காலம்.
டெக்கைச் சாரத்தால் சுற்றி
வெறும் மீன் பெட்டிக்குள் வைத்து
கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏற்றி வருவாய்.
துறையடியில் மறித்தவன் மூடியைத் திறந்தான்,
மூக்கைப் பொத்தினான்,
போ என்றான்.

பேச்சு எங்களுக்குத் தெரியாத ஒரு மொழி.
கீழே ஓடிய எழுத்து
எங்களுக்குத் தெரியாத இன்னொரு மொழி.
ஒருத்தி தையல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு
நீண்ட இறங்குதுறையில் நடக்கிறாள்.
நடக்கிறாள்.
ஒரு வெட்டு.
பனி. அவள் கையில் ஒன்றுமில்லை.

பழைய பட்டியல் ஒன்றில் நூற்றுப் பதினொரு நிமிடம்.
கசட்டில் தொண்ணூற்று நாலு.
நடுவில் போன பதினேழு நிமிடத்தை வைத்து
பத்தொன்பது வருடம் சண்டை பிடித்தோம்.
விற்றுவிட்டாள் என்றாய் நீ.
கடலில் போட்டாள் என்றேன்.
மின்சார நிலைய வீதிப் போட்டோக்கொப்பிக் கடையில்
கிருபைராசா தாள் அடுக்குவதை நிறுத்தி,
"அவளுக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள்" என்றான்.
அன்றைக்கு மட்டும் நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

நேற்றிரவு விபரம் போட்டிருந்தார்கள்:
மூல நெகட்டிவிலிருந்து. கறுப்பு வெள்ளை. மோனோ.
தொண்ணூற்றெட்டு நிமிடம்.

நாலு நிமிடம் கூட, நவ்பீர்!
ஒரு மெஷினை விற்க நாலு நிமிடம் காணும்.
ஒரு மகளைக் காட்டவும் காணும்.
துள்ளிக்கொண்டுதான் இரவு வேலைக்குப் போனேன்.
கோட்டையடியில் மானுக்கு வாழைப்பழத் தோல் நீட்டப் போய்
விழுந்த பொடியனின் மணிக்கட்டை
எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான்
புத்தி வந்தது.
தொலைக்காட்சிக்கு நொடிக்கு இருபத்தைந்து சட்டகம்.
சினிமாவுக்கு இருபத்து நாலு.
பொடியனின் கடித உறையின் பின்னால் எழுதினேன்:
தொண்ணூற்று நாலை இருபத்தைந்தால் பெருக்கி
இருபத்து நாலால் வகுத்தால்
தொண்ணூற்றேழு நிமிடம், ஐம்பத்தைந்து நொடி.

அதே படம்.
ஒரு சட்டகம்கூடக் கூடவில்லை.

ஓடரை ரத்துச் செய்ய விரல் போனது.
போய், நின்றது.
அவளுடைய குரல் உனக்குப் பிடிக்காது, ஞாபகமா?
கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக் குரல் என்பாய்.
அது அவள் குரலே இல்லையடா.
பத்தொன்பது வருடமாய் அவளை
நாங்கள்தான் துரத்தியிருக்கிறோம்.

அந்த நாலு நிமிடம் எந்தக் காட்சியிலும் ஒளிந்திருக்கவில்லை.
ஒவ்வொரு அடியிலும் ஒரு துளி.
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் ஒரு துளி.
பலகையில் கால் பதிந்து எழும் இடத்தில்.
மெஷினின் பாரம் இனித்தான் தெரியப் போகிறது.

சுங்கத் துண்டு வந்தால் நீயே போய் எடு,
பெறுமதி கேட்டால் குறைத்துச் சொல்லு.
வெள்ளிக்கிழமை பள்ளி முடிய வா.
கிருபைராசாவிடம்
தொண்ணூற்றெட்டு என்று மட்டும் சொல்லு.
வகுத்துக் காட்டாதே.